எபிரேயத்தில் இல்லாத பேச்சு

அம்மிணி,

கடிதத்தைப் பிரித்தவுடன் நின்றபடியே கண்ணை ஓட்டி, கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை அப்படிச் செய்யாதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வை. கையைத் துடைத்துக்கொள். பேரனை உன் மாமியாரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து படி. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இதைக் கொண்டுவந்த வண்டி உன் பதில் இல்லாமல் திரும்பாது. மாட்டை அவிழ்த்து உங்கள் வாசல் புளியமரத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வண்டிக்காரன் காத்திருக்கிறானே என்று நீ அவசரப்பட வேண்டாம். அவன் காத்திருக்கட்டும்.

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. உன் அம்மா நலமாக இல்லை, கோபமாக இருக்கிறாள். உன் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கோடு உன்னை அழைக்க ஓமலூர் வந்தாளே, அன்று பிடித்த கோபம். வந்தவளை நீ நன்றாகத்தான் கவனித்திருக்கிறாய். கோழிக்குழம்பு வைத்துப் போட்டாயாம், முறுக்கு கட்டிக் கொடுத்தாயாம். எல்லாம் முடிந்து அவள் வண்டி ஏறுகிற நேரத்தில், "இணைச்சீருக்கு என்னெ நம்பாதீங்கம்மா. பெரியப்பன் ஊட்டு அக்கா இருக்கறாளே, அவளெ நிறுத்திக்கங்க. அவனுக்கு வேற அக்கா கெடைக்காமலா போயிரும்?" என்று சொல்லியிருக்கிறாய். மல்லசமுத்திரம் வந்து சேருகிற வரையில் அந்த முறுக்கை அவள் தொடவில்லை. வந்ததும் மூட்டையோடு என் முன்னால் வைத்துவிட்டு, "உங்க மகளே சுட்டது, நீங்களே தின்னுங்க" என்றாள்.

இணைச்சீர் இல்லாமல் நம் பக்கத்தில் தாலி ஏறாது என்பது நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கல்யாணப் பெண்ணைப்போலவே சிங்காரித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளுமாகப் பிடிக்க வேண்டும். பின்னாளில் உனக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அவனிடம் உனக்குப் பாத்தியம் உண்டு என்று ஊரறியச் சொல்லுகிற சீர் அது. பெரியப்பா மகள் வந்து நின்றாலும் சீர் நடந்துவிடும், சாத்திரத்துக்கு ஒரு குறையும் வராது. கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துவிட்டு உன்னைத் தேடுவார்கள், அவ்வளவுதான். உன் தம்பியும் தேடுவான். அதைத் தாங்க என்னால் ஆகாது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அன்றைக்கு முறுக்கு மூட்டையை வைத்துவிட்டு உன் அம்மா இன்னொன்றும் கேட்டாள். "ஏனுங்க, ஊரான் ஊட்டு வேதத்துக்கு ரெண்டு பொஸ்தகத்தெப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு வருசக்கணக்குல நாயம் பேசுனீங்களே. பெத்தது ரெண்டு. அதுகளெ ஒரு நாளாச்சும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வயதில் நான் பார்த்த அந்த வேலையை இவள் எந்தக் காலத்திலும் மதித்ததில்லை. எனக்குச் சோறு போடும்போது அதைக் கிண்டல் செய்யாத நாள் குறைவு. ஆனால் கேட்டாள் பார், சரியான இடத்தில் கேட்டாள்.

அந்த வேலை உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். அப்போது நீ பாவாடை கட்டிய பெண், உன் தம்பி உன் பின்னாலேயே திரிகிற பொடியன். நான் சேலத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். அம்மாபேட்டையில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வாடகைக்கு ஓர் அறை, சனிக்கிழமையானால் ஊர். யூதர்களுடைய பழைய வேதத்தின் தமிழைச் சீர்திருத்த வேண்டும், அதற்குத் தமிழ் படித்த ஒரு முன்ஷி தேவை என்று வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஆள் அனுப்பினார், ஒப்புக்கொண்டேன். உன் பெரியப்பா மட்டும் மூன்று முறை வந்து, "அங்க சோறு கீறு தின்னயாடா?" என்று விசாரித்தார். நெற்றியில் திருநீற்றோடு போனேன், திருநீற்றோடு வந்தேன். பாதிரியார் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வேலையில்தான் வெறி.

நீளமான ஒரு தேக்கு மேசை. ஒரு முனையில் பாதிரியார் எபிரேயப் புத்தகத்தோடு உட்காருவார். எதிரே திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ்ப் போதகர் ஒருவர், அவர் கையில் கிரேக்கப் புத்தகம். நடுவில் நான், காகிதமும் பேனாவுமாக. எனக்கு அந்த இரண்டு மொழியும் தெரியாது. பாதிரியார் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து அதன் பொருளைத் தம் தமிழில் சொல்லுவார். அவர் தமிழ் கல்லில் நடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொல்லை விடமாட்டார். கிரேக்கத்திலும் அப்படியே இருந்தால் போதகர் பேசாமல் இருப்பார். வேறாக இருந்தால் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். உடனே நான் பேனாவைத் தூக்கிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. சில நாள் தட்டே விழாது. சில நாள் தட்டித் தட்டி மேசையில் பள்ளம் விழுந்துவிடுமோ என்று இருக்கும்.

எதற்காக இரண்டு புத்தகம் என்று நீ அப்போதே கேட்டாய். எகிப்து தேசத்துப் பட்டணத்தில் குடியேறிய யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து, தங்கள் பேச்சை மறந்து கிரேக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். சொந்த வேதத்தையே படிக்க முடியாமல் போயிற்று. அதனால் எழுபது பெரியவர்களை வரவழைத்து அதைக் கிரேக்கத்தில் எழுதச் செய்தார்கள் என்று ஒரு கதை. ஆளுக்கு ஓர் அறையில் அடைத்து வைத்தும் எழுபது பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒரே மாதிரி எழுதினார்கள் என்று கதை முடியும். நான் இதை ஊரில் வந்து சொன்னபோது உன் அம்மா மோர் கடைவதை நிறுத்திவிட்டு, "வரப்புச் சண்டைக்குச் சாட்சி சொல்லப் போன ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னாலே மணியகாரர் நம்ப மாட்டாருங்க, எழுவது பேராமா!" என்றாள். அதைப் போய்ப் பாதிரியாரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது.

அந்த ராட்சத வீரன் ஞாபகம் இருக்கிறதா? ஆட்டுக்காரப் பையன் கவணால் அடித்து வீழ்த்துகிற அந்தப் பெரிய ஆள். எபிரேயத்தில் அவன் உயரம் ஆறு முழம் ஒரு சாண். கிரேக்கத்தில் நான்கு முழம் ஒரு சாண். அன்று விழுந்த தட்டு எனக்கு இன்னும் கேட்கிறது. சனிக்கிழமை ஊருக்கு வந்து உங்கள் இருவரிடமும் சொன்னதுதான் தாமதம், சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கட்டுத்தறி வேப்பமரத்துக்கு ஓடினீர்கள். என் கையால் முழம் போட்டு இரண்டு கோடு கிழித்தோம். மேல் கோட்டுக்கு நான் ஏணி போட வேண்டியிருந்தது. நீ மேல் கோட்டின் கட்சி. "சின்ன ஆளெ அடிச்சா அதுல என்னங்கப்பா பெருமை? ஆறு முளந்தான் மெய்" என்றாய். உன் தம்பி கீழ்க் கோட்டின் கட்சி. "அக்கா, அத்தாப் பெரிய ஆளுக்கு எந்த ஊட்டுல சோறு ஆக்குவாங்க? நாலு முளந்தான்" என்றான். அன்று மாலை வரையில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உங்களுக்குள் வந்த முதல் வேத விசாரம் அது. சோற்று நேரத்தில் அவன் தட்டிலிருந்த அப்பளத்தை நீ எடுத்துத் தின்றாய், சமாதானமாகிவிட்டது.

எந்த அளவு மெய் என்று நானும் பாதிரியாரைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை உனக்கு அன்று சொல்லவில்லை, உனக்குப் புரியாது என்று நினைத்தேன். இன்று புரியும். "முன்ஷி அவர்களே, எபிரேயம் மூலம், ஆகையால் அது சரி, மொழிபெயர்த்தவர்கள் பிசகினார்கள் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த ஏடு வேறு. நம் கைக்கு வந்த எபிரேயப் பிரதிகளைவிட அந்த ஏடு பழையதாகவும் இருக்கலாம். எபிரேயத்தைப் பெயர்த்து எழுதியவர்கள் தங்கள் முன்னால் இருந்ததை உண்மையாக எழுதினார்கள். கிரேக்கத்தில் எழுதியவர்களும் தங்கள் முன்னால் இருந்ததை உண்மையாக எழுதினார்கள்" என்றார். பொய் சொன்னது யார் என்று தேடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். எபிரேயம் மேலே வரியில் போகும், கிரேக்கம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போகும். அவருடைய கட்டளை ஒன்றே ஒன்றுதான்: இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை நாமாகச் செய்துவிடக்கூடாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். முகத்தைத் திருப்பாதே.

பேரனுக்குக் காது குத்திய அன்று நடந்ததைத்தான் சொல்லுகிறேன். நானும் உன் அம்மாவும் முதல் நாளே வந்துவிட்டோம். தாய்மாமன் சீரைக் கட்டிக்கொண்டு உன் தம்பி விடியலில் வந்து சேருவதாக ஏற்பாடு. மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். நீ வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாய். நல்ல நேரம் கழியப்போகிறது என்று உன் வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பெரியப்பா மகனை உட்கார வைத்துக் காரியத்தை முடித்தோம். அந்த நேரத்தில் உன் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணமாகி வந்த ஊரில், நாலு பேர் முன்னால், பிறந்த வீட்டு மடி காலியாக இருந்தது. அது எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், சாமி. தெரியாது என்று நினைத்துவிடாதே.

அழுத பேரனுக்கு உள்ளே நான் வெல்லம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் வந்திருக்கிறான். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் போயும் விட்டான். நடையில் சீர்க்கூடை மட்டும் இருந்தது. என்ன நடந்தது என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்னாய்: "வந்தவன் உள்ள வரலீங்கப்பா. வாசல்லயே நின்னுக்கிட்டு, 'அதான் வேற மாமன் கெடச்சுட்டானே, நான் எதுக்கு?'ன்னான். கூடையெ எறக்கி வெச்சான், திரும்பிட்டான்." நீ சொன்னது அவ்வளவுதான். அதை நான் அப்படியே நம்பினேன். ஊருக்குப் போய் அவனைத் திட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காததால் குற்றம் அவன்மேல்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

நடுவில் உன் அம்மா ஒரு வேலை செய்தாள். பாதிரியார் எதைச் செய்யக்கூடாது என்றாரோ அதையே செய்தாள். உன்னிடம் வந்து, "தம்பி ஒன்னெ நெனச்சு ராத்திரியெல்லாம் அளுவறான்" என்றாள். அவனிடம் போய், "அக்கா ஒன்னெத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறா" என்றாள். இரண்டும் அவளே கட்டியது. தீபாவளிக்கு வந்த உன் வீட்டுக்காரரிடம் அவன் ஆசையாக விசாரிக்க, அவர், "அப்படி ஒண்ணும் கேட்கலியே மாப்பிள்ளை" என்றாராம். நீயும் நம் பண்ணையாளை விசாரித்து, அவன் நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிறான் என்று தெரிந்துகொண்டாய். இருந்த கோபம் போதாதென்று பொய்க்கும் சேர்த்துக் கோபம் வந்துவிட்டது இருவருக்கும். அவளைத் திட்டாதே. பெற்ற வயிறு, காலியாக ஓர் இடத்தைப் பார்த்தால் எதையாவது போட்டு நிரப்பத்தான் பார்க்கும்.

முறுக்கு மூட்டையோடு அவள் என்னைக் கேட்ட கேள்விக்கு மறுநாள்தான் பதில் தேடினேன். தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து முடித்துவிட்டு உன் தம்பி வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உன்னெத் திட்ட வரலெ. அன்னிக்கு ஓமலூர்ல நடந்ததெச் சொல்லு. நடுவுல நான் பேச மாட்டேன்" என்றேன். மண்ணாங்கட்டியை எடுத்து உடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"கருப்பூர் தாண்டறதுக்குள்ள மயிலைக்காளைக்கு லாட ஆணி கொளம்புல ஏறிருச்சுங்க. ரத்தம். ஒரு அடி எடுத்து வெக்கலெ. நடுரோட்டுல உட்டுட்டு வர முடியுங்களா? ஒரு தோட்டத்துல கெஞ்சிக் கட்டிப் போட்டுட்டு, கூடையெத் தலையில வெச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமாப் போனனுங்க. வாசல்ல கூட்டம். அக்கா என்னெப் பாத்தா. 'ஏன்டா தம்பி'ன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. நான் மாட்டுக்கு ஆணி ஏறிருச்சுன்னு சொன்னன். 'அப்ப போயி அந்த மாட்டுக்கே மடி குடு'ன்னா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. கூடையெ வெச்சுட்டு வந்துட்டனுங்க."

எனக்கு உடனே அந்தக் கண்ணாடிக் கூட்டின் தட்டுதான் கேட்டது, அம்மிணி. நீ சொன்னதில் மாட்டைப் பற்றிய பேச்சே இல்லை. மடி கொடு என்ற பேச்சும் இல்லை. அவன் சொன்னதில் வேறு மாமன் என்ற பேச்சு இல்லை. அவன் வந்தது, நின்றது, கூடையை இறக்கியது எல்லாவற்றையும் இருவரும் ஒரே மாதிரிச் சொல்லுகிறீர்கள். அடுத்தவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் வைத்திருக்கிறீர்கள். அவரவர் சொன்னது மட்டும் அவரவர் ஏட்டில் இல்லை. நீயும் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை. உன்மேல் பட்டதை நீ எழுதினாய், அவன்மேல் பட்டதை அவன் எழுதினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு முழு வாசலும் தெரிந்தது.

வேதத்தில் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. ஆதி மனிதனுக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் நிலத்தை உழுகிறவன், இளையவன் ஆடு மேய்க்கிறவன். இருவரும் காணிக்கை வைக்கிறார்கள், இளையவனுடையது ஏற்கப்படுகிறது, மூத்தவனுடையது ஏற்கப்படவில்லை. அதற்கு மேல் எபிரேயத்தில் மூத்தவன் தன் தம்பியிடம் சொன்னான் என்று இருக்கிறது. என்ன சொன்னான் என்று இல்லை. சொன்னான் என்பதோடு சரி. அடுத்த வரியில் இருவரும் வயலில் இருக்கிறார்கள், தம்பியை அடித்துக் கொன்றுவிடுகிறான். பாதிரியார் படித்துவிட்டு நிறுத்தினார். போதகர் தட்டினார். கிரேக்கத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது: வயலுக்குப் போகலாம் வா என்றானாம்.

அதை வைத்து நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்டோம். போதகர், அந்தப் பேச்சு ஆதியில் இருந்திருக்கும், ஏடு பெயர்த்து எழுதியவர் கை தவறி விட்டிருப்பார், எடுத்து மேலே வரியில் போடுங்கள் என்றார். பாதிரியார், எகிப்தில் எழுதியவர்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே நிரப்பியிருந்தால் என்ன செய்வது என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஐயா, சொன்னான் என்று எழுதிவிட்டு என்ன சொன்னான் என்று எழுதாமல் விட்டால் படிக்கிறவன் என்னைத்தான் திட்டுவான்" என்று பேனாவைக் கீழே வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "திட்டட்டும். அங்கே ஒரு பேச்சு இருந்தது, அது நமக்குக் கிடைக்கவில்லை என்று அவனுக்கும் தெரியட்டும்" என்றார். கடைசியில் வரியில் ஓர் இடம் விட்டோம். வயலுக்குப் போகலாம் என்பது அடியில் சிறிய எழுத்தில் போயிற்று. தாள்களெல்லாம் கப்பல் ஏறின. அச்சானதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் உங்கள் இருவரிடமும் கேட்டேன், அண்ணன்காரன் என்ன சொல்லியிருப்பான் என்று. நீ யோசிக்கவே இல்லை. "ஒன்னாலதான்டா எல்லாம்னு திட்டியிருப்பான்" என்றாய். உன் தம்பி ரொம்ப நேரம் கால் கட்டை விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "நல்லதாத்தான் ஏதோ சொல்ல வந்திருப்பானுங்க. அதுக்குள்ள வயலு வந்திருச்சு" என்றான். நீயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வாய்க்கால் மேட்டில் அவன் சொல்லி முடித்ததும், நீ சொன்னதை நான் அவனிடம் சொன்னேன். மெருகு போடவில்லை, உன் வார்த்தையை அப்படியே வைத்தேன். வேறு மாமன் என்ற இடம் வந்ததும் அவன் கையிலிருந்த கட்டியைக் கீழே போட்டான். "சொன்னனுங்க" என்றான். "அது எனக்கு மறந்தே போச்சுங்களே" என்றான். பிறகு, "அக்கா அன்னிக்கு அளுதாளுங்களா?" என்று கேட்டான். நிரப்புகிற வேலை எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வருகிற வழியெல்லாம் எனக்குக் கண் எரிந்தது. கவலை ஓட்டிய இடத்துத் தூசி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

யார் முதலில் பேசியது என்று நீ இப்போது கேட்பாய். உன்னைப் பெற்றவனுக்குத் தெரியாதா! மாட்டுப் பேச்சு முதலா, மாமன் பேச்சு முதலா? நீ சொன்னதிலும் அது இல்லை, அவன் சொன்னதிலும் இல்லை. நான் அந்த இடத்தில் இல்லை. உன் வீட்டுக்காரரைக் கேட்டால் உன் பக்கம் சொல்லுவார், உன் அம்மாவைக் கேட்டால் புதிதாக ஒன்று கட்டுவாள். ஆகையால் அதை விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. அது தெரிந்தால்தான் சமாதானம் என்றால் நீங்கள் இருவரும் கிழமாகிப் போவீர்கள், நான் இருக்கமாட்டேன்.

உனக்கு நான் புத்தி சொல்லுவதாக இருந்தால் ஒன்றுதான். உன் வாயில் வருகிற பேச்சு அழகானது, சாமி. மாட்டுக்கு மடி கொடு என்று ஒரு கணத்தில் யாருக்கு வரும்? எனக்கே அதைக் கேட்டதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த வாய் என்னுடையது, உனக்கு நான்தான் கொடுத்தேன். அதற்காக உன்னை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நீ சொன்னதையும் உன் ஏட்டில் எழுதிக்கொள். அடுத்தவர் வந்து அதைப் படித்துக் காட்டும்படி வைத்துக்கொள்ளாதே.

உனக்கும் அவனுக்கும் ஒரு குறை தீர்த்தாக வேண்டும். பேரனுடைய காதை இனி இரண்டாம் முறை குத்த முடியாது. அந்த மடி காலியாகப் போனது போனதுதான், அதை நான் பூசி மெழுகமாட்டேன். கூறைச்சேலையின் மறு தலைப்பு இன்னும் யார் கையிலும் கொடுக்கப்படவில்லை. அதை வேறு ஒருத்தி பிடித்துவிட்டால் அதுவும் போனதுதான்.

வண்டிக்காரன் என்று மேலே எழுதினேன் அல்லவா. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் உன் தம்பி. உன் மாமியாருக்கு மட்டும் முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கடிதம் அந்த அம்மாள் கையால் உனக்கு வந்தது. அவரைக் கோபிக்காதே, நான்தான் கெஞ்சிக் கேட்டேன். வண்டியைப் பூட்டும்போது அவனைக் கேட்டேன், அக்காளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று. சொன்னான். அதை நான் இங்கே எழுதமாட்டேன். நான் எழுதினால் அது என் தமிழாகிவிடும். அந்த இடத்தை விட்டிருக்கிறேன்.

அன்று நல்ல நேரம் கழியக் கழிய நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ இதைப் படித்து முடிக்கிற வரையில் அவனும் அதே வாசலில் நிற்கட்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வண்டியைப் பூட்டினான். வேப்பமரத்தின் கீழ்க் கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் குறைவாகத்தான் வளர்ந்திருக்கிறான், கூட்டத்திலே பார்த்தாலும் அடையாளம் தெரியும். தலையில் கூடை இருக்கும், அதில் உனக்கு இணைச்சீர்ச் சேலை இருக்கிறது. நீ வந்து இறக்கினால்தான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

பதில் காகிதத்தில் வேண்டாம். எழுந்து போ, சாமி. வெயில் ஏறியிருக்கும்.

உன் அப்பா